ஃபேஷன் உலகின் ஸ்டைல் எழுத்து... அதைச் செதுக்கிய போடோனி யார்?

'மம்மா மியா' போஸ்டர் ஞாபகம் இருக்கா? அந்த ஆங்கில எழுத்தை கொஞ்சம் ஜூம் பண்ணிப் பாருங்க. ஒரு கோடு தடிமனா இருக்கும், பக்கத்துக் கோடு தலைமுடி மாதிரி மெலிசா இருக்கும். இந்த எழுத்து வகைக்குப் பெயர் போடோனி. அது ஒரு மனிதரின் பெயர்.

ஜியாம்பட்டிஸ்டா போடோனி, 1740-ல் வடக்கு இத்தாலியின் சலுட்சோ ஊரில் பிறந்தவர். அப்பாவுக்கு அச்சுத் தொழில். 18 வயதில் ரோம் போய், கத்தோலிக்க மிஷனரி அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கீழை நாட்டு மொழிகளின் எழுத்துகள் கைக்குப் பழகியது அங்கேதான்.

அடுத்த கனவு இங்கிலாந்து. அங்கே பாஸ்கர்வில் என்பவரின் அச்சு வேலைக்கு அப்போது பெரிய பெயர். ஆனால் வழியிலேயே மலேரியா வந்துவிட, பயணம் சொந்த ஊரோடு நின்றுபோனது. 1768-ல் பார்மா டியூக் ஃபெர்டினாண்ட் தன் அரசு அச்சகத்தை நடத்த அழைத்தார். போடோனிக்கு அப்போது 28 வயது. சாகும்வரை அந்த ஊர்தான்.

முதலில் பிரான்ஸின் ஃபூர்னியே எழுத்துகளை வெச்சுதான் அச்சடித்தார். பிறகு சொந்தமாகச் செதுக்க ஆரம்பித்தார். எஃகுத் துண்டின் முனையில் எழுத்தைத் திருப்பிச் செதுக்கணும். அதைச் செம்பில் அடித்து அச்சு எடுத்து, ஈயக் கலவையை ஊற்றி வார்க்கணும். ஒவ்வொரு எழுத்துக்கும், ஒவ்வொரு அளவுக்கும் இதே வேலை!

இட்டாலிக் என்றால் சாய்ச்சு வைக்கிறதா?

இல்லை. நேர் எழுத்தைச் சாய்த்தால் மட்டும் இட்டாலிக் ஆகிடாது. சின்ன 'ஏ' எழுத்தின் உருவமே அதில் மாறிடும், பேனாவால் எழுதின மாதிரி ஓடும். அதனால் இட்டாலிக்கை போடோனி தனியாகவே செதுக்க வேண்டியிருந்தது.

சிக்கலும் இங்கேதான். எது அழகோ, அதுவே தொல்லை. சின்ன அளவில் அந்த மெல்லிய கோடு கண்ணுக்கே தெரியாது. மொபைல் திரையில் இன்னும் மோசம். தலைப்புக்கும் பத்திரிகை அட்டைக்கும் பிரமாதம், நீளமா படிக்க கஷ்டம் (இந்தக் கட்டுரையை அப்படி ஒரு எழுத்தில் போட்டிருந்தா இந்நேரம் மூடியிருப்பீங்க). போடோனி எழுத்தைக் கடுமையாகத் திட்டியவர்களில் வில்லியம் மாரிஸும் ஒருவர்.

ஆனால் தப்பு முழுக்க அவர் மேல் இல்லை. போடோனி சின்ன அளவுகளைத் தனியாகச் செதுக்கினார். பின்னால் வந்தவர்கள் பலர் ஒரே வடிவத்தைச் சுருக்கிப் பயன்படுத்தினார்கள். 1994-ல் வந்த ஐடிசி போடோனி இதைச் சரிசெய்தது. 6, 12, 72 என மூன்று அளவுக்கு மூன்று தனி வடிவங்கள். 6-ல் மெல்லிய கோடு கொஞ்சம் தடிமனா இருக்கும்.

தன் எழுத்துகள் அத்தனையையும் ஒரே நூலில் கொண்டுவர வேண்டும் என்பது போடோனியின் ஆசை. அது முடியாமலே 1813 நவம்பரில் இறந்துபோனார். விட்ட வேலையை மனைவி மார்கெரிட்டா கையில் எடுத்தார். ஐந்து வருஷம் கழித்து, 1818-ல், இரண்டு தொகுதிகளாக 'மானுவாலே டிப்போகிராஃபிகோ' வெளிவந்தது. அவர் செதுக்கிய எஃகுத் துண்டுகள் 25 ஆயிரத்துக்கும் மேல், பார்மாவில் உள்ள போடோனி அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.