தருமபுரியை மறக்காத மன்றோ

சென்னை தீவுத்திடல் அருகே குதிரைமீது அமர்ந்திருக்கும் சர் தாமஸ் மன்றோவின் சிலையைப் பற்றிப் பேசுவோர், அந்தக் குதிரைக்குச் சேணமும் அங்கவடியும் இல்லாததைத்தான் முதலில் சொல்வார்கள். தருமபுரிக்காரனாகிய எனக்கோ அவரை அங்கே பார்க்கும்போதெல்லாம், போரில் நொடித்துப்போன ஒரு வணிகக் குடும்பத்தின் பிள்ளைதான் நினைவுக்கு வருகிறார்.

மன்றோ 1761-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் மன்றோ, அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வணிகம் செய்தவர். அந்நாளில் கிளாஸ்கோவின் செல்வம் பெரும்பாலும் புகையிலையால் வந்த செல்வம். 1775-இல் அமெரிக்க விடுதலைப் போர் மூண்டதும் வணிகம் நின்றது. அங்கே நிலுவையில் இருந்த கடன்களை வசூலிக்க வழியில்லாமல் போயிற்று. குடும்பம் நொடித்தது. செர்வாண்டிசின் நாவலை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்பதற்காக ஸ்பானிய மொழி கற்ற அந்த இளைஞர், வணிக நிறுவன எழுத்தர் வேலையை விட்டுவிட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்து 1780 ஜனவரியில் சென்னையில் கரையிறங்கினார்.

வந்த ஆண்டே போர். ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தது. காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தபோது, சில மைல் தொலைவில் நின்றிருந்த முதன்மைப் படையில் மன்றோ இருந்தார். பின்னாளில் தம் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில், இந்தியாவின் செல்வக் கனவுகளை அவர் நன்றாகவே கேலி செய்திருக்கிறார். முதல் மூன்று ஆண்டுகள் அவருக்குத் தலையணையாக இருந்தது புத்தகமோ தோட்டாப் பையோதான். குளிர்காலத்தில் மேலங்கியின் கைகளுக்குள் கால்களை நுழைத்துப் போர்வையாக்கிக் கொண்டாராம். அந்த வருமானத்திலும் அவரும், இந்தியாவுக்கு வந்திருந்த சகோதரர் அலெக்சாண்டரும் பெற்றோருக்குப் பணம் அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் நான் சற்றுத் தயங்குவதுண்டு. ஒரு காலனி விடுதலை கேட்டு எழுந்ததால் வீழ்ந்த குடும்பம், இன்னொரு காலனியிலிருந்து போன பணத்தால் நிமிர்ந்தது. பிள்ளையின் பாசத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், கம்பெனி கொடுத்த சம்பளத்தின் அடியில் உழவர்கள் கட்டிய நிலவரி இருந்தது.

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதில் அடங்கும். சென்னையின் சிவில் அதிகாரிகளில் உள்ளூர் மொழி அறிந்தவர்கள் அரிது என்பதால், கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் நிர்வாகத்தைப் படை அதிகாரியான அலெக்சாண்டர் ரீடிடம் ஒப்படைத்தார். ரீடின் உதவியாளர்களுள் ஒருவராக மன்றோ தருமபுரிக்கு வந்தார். 1799 வரை இங்கேயே இருந்தார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்து, நிலத்தை அளந்து, உழவர்களோடு பேசி வரியை நிர்ணயிப்பதே வேலை. இடையில் ஜமீன்தார் இல்லாமல், உழுபவரிடமே அரசு நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இந்த வறண்ட மேட்டு நிலத்தில்தான் வடிவம் பெற்றது. ரீட் தொடங்கியதுதான் அது. பெயர் மட்டும் மன்றோவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த முறையை நான் கொண்டாட மாட்டேன். மழை பொய்க்கும் பூமியில் பணமாகக் கேட்கப்பட்ட வரி அது. அளவும் மிகுதி. இதை மன்றோவே பின்னர் உணர்ந்தார். கடப்பை, பெல்லாரி பகுதிகளில் ஏழாண்டு பணியாற்றியபின், 1807-இல் வரியில் கால் பங்கைக் குறைக்கப் பரிந்துரைத்தார். அன்றைய சென்னை அரசு அதை ஏற்கவில்லை. 1820-இல் தாமே கவர்னராக வந்த பிறகுதான் அது நடந்தது. 1824-இல், இந்தியர்களுக்கு உயர் பதவிகளை மறுத்துவிட்டு அவர்களை முன்னேற்றுவதாகப் பேசுவதில் பொருளில்லை என்ற கருத்தை அரசுக் குறிப்பிலேயே பதிவு செய்தவரும் அவர்தான்.

1799-இல் திப்பு வீழ்ந்ததும் அவரைக் கனராவுக்கு மாற்றினார்கள். விடாத மழையும் புழுக்கமும் நிறைந்த அந்தக் கரையிலிருந்து எழுதிய கடிதங்களில், பாராமகால் மலைகளையும் தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தையும் எண்ணி ஏங்கியிருக்கிறார். ஊரை விட்டு வந்தவர் ஏங்கியது கிளாஸ்கோவை எண்ணித்தான் என்று நாம் நினைத்திருப்போம்.

பதவி விலகி, மாற்று ஆள் வரக் காத்திருந்த வேளையில், பழைய ஊர்களைக் கடைசியாகப் பார்க்கப் புறப்பட்டவர், 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். மனைவி அதற்கு முன்பே பிரிட்டன் திரும்பியிருந்தார். கூத்தியில் அடக்கம் செய்யப்பட்ட உடல், பின்னர் சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

ராயலசீமாவில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. என் தாத்தா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த பட்டாவில் சர்வே எண்ணும் தீர்வையும் இருந்தன. அந்தத் தீர்வையைக் கட்ட அவர் இரண்டு முறை மாடு விற்றிருக்கிறார்.