லக்ஷபானவுக்காக வாதாடிய பொறியியலாளர்

காலியில் 1874 இல் பிறந்த டி.ஜே. விமலசுரேந்திர, நுவரெலியாவுக்கு ஒளியூட்டச் சிறிய நீர்மின் நிலையமொன்றை அமைத்த அனுபவசாலி. மலையக ஆறுகளால் நாட்டுக்கே மின்சாரம் வழங்கலாமென 1918 இல் பொறியியலாளர் சங்கத்தில் கணக்கிட்டுக் காட்டினார். குடியேற்ற ஆட்சியோ தயங்கியது. லக்ஷபான வேலைகள் தொடங்கப்பட்டும் இடைநடுவில் நிறுத்தப்பட்டன.

அரச சேவையிலிருந்து சாதிக்க முடியாததை மக்கள் பிரதிநிதியாகச் சாதிக்கலாமென எண்ணினார் போலும். 1931 இல் இரத்தினபுரி உறுப்பினராக அரசாங்க சபைக்குச் சென்று, அங்கும் நீர்மின் திட்டத்துக்காகவே வாதாடினார். லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இல்தான். அதாவது, அவர் கணக்குக் காட்டி 32 ஆண்டுகள் கழிந்த பின்னர். 1953 இல் அவர் மறைந்தார். மின்சார சபையை நிறுவும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1969 இல். நோட்டன் பிரிட்ஜ் அருகிலுள்ள மின்நிலையம் அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது.