துண்டுத் துணியில் மலர்ந்த புதுவாழ்வு
கைதிகளின் தாய் எலிசபெத் பிரை

லண்டன் மாநகரில் நியூகேட் என்று ஒரு சிறைச்சாலை இருந்தது. அதன் பெயரைக் கேட்டாலே மக்கள் நடுங்குவார்கள். பெண் கைதிகள் அடைக்கப்பட்டிருந்த பகுதிக்குள் போகச் சிறை அதிகாரிகளே தயங்குவார்கள்.

1813-ம் ஆண்டு. குளிர் வாட்டி எடுத்த ஒரு நாள், அந்தச் சிறையின் வாசலில் ஒரு சீமாட்டி வந்து நின்றார். ஆடம்பரம் இல்லாத எளிய உடை. தலையிலே வெள்ளைக் குல்லாய். அவர் கொண்டு வந்திருந்த மூட்டையில் பச்சைக் குழந்தைகளுக்கான கம்பளிச் சட்டைகள் இருந்தன.

உள்ளே போக வேண்டாம் என்று அதிகாரிகள் தடுத்தார்கள். அந்த அம்மையார் கேட்கவில்லை. துணைக்கு ஒரு தோழியுடன் உள்ளே போனார்.

அங்கே கண்ட காட்சி அவர் நெஞ்சைப் பிளந்தது. சில அறைகளுக்குள் சுமார் 300 பெண்களும் குழந்தைகளும் அடைபட்டுக் கிடந்தார்கள். படுக்கப் பாய் இல்லை. போர்த்தத் துணி இல்லை. சமைப்பது, துவைப்பது, தூங்குவது எல்லாம் ஒரே இடத்தில். குடியும் சூதாட்டமும் சண்டையும் ஓயவில்லை. ஒரு மூலையில் ஒரு குழந்தை இறந்து கிடந்தது. அதன் உடலில் இருந்த துணியைக் கழற்றி, உயிரோடு இருந்த இன்னொரு குழந்தைக்குப் போட்டுக் கொண்டிருந்தார்கள்!

கண்ணீரோடு சட்டைகளைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய அந்தச் சீமாட்டிதான் எலிசபெத் பிரை. அப்போது அவருக்கு வயது 32. எட்டுக் குழந்தைகளின் தாய்.

செல்வச் சீமான் மகள்

எலிசபெத், 1780-ம் ஆண்டு மே மாதம் 21-ந் தேதி இங்கிலாந்தில் நாரிச் நகரில் பிறந்தார். தந்தை ஜான் கர்னி பெரிய பணக்காரர். கம்பளி வியாபாரமும் பாங்கித் தொழிலும் நடத்திய குடும்பம். வீடு நிறையப் பிள்ளைகள். எலிசபெத்துக்கு 12 வயதாக இருக்கும்போதே தாயார் இறந்துவிட்டார்.

கர்னி குடும்பத்தார் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். குவேக்கர்கள் எளிமையாக உடுத்துவார்கள். ஒன்றாகக் கூடி மௌனமாக இருந்து கடவுளைத் தியானிப்பார்கள். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

ஆனால் இளம் வயதில் எலிசபெத்துக்கு இதிலெல்லாம் நாட்டம் இல்லை. ஆடல் பாடல், நல்ல உடை என்று பொழுது போயிற்று. 1798-ம் ஆண்டு, அமெரிக்காவில் இருந்து வந்த வில்லியம் சேவரி என்ற குவேக்கர் போதகரின் பேச்சைக் கேட்கப் போனார். ஊதா நிறப் பூட்ஸ், அதற்குச் செக்கச் சிவந்த கயிறு. அந்த அலங்காரத்தோடு போனவர், அழுதுகொண்டே வீடு திரும்பினார். அன்று முதல் அவர் வாழ்க்கை திசை மாறியது. ஏழைக் குழந்தைகளைத் தம் வீட்டுக்கு அழைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

1800-ம் ஆண்டு ஜோசப் பிரை என்ற லண்டன் வியாபாரியை மணந்தார். அவர்களுக்கு மொத்தம் 11 குழந்தைகள் பிறந்தன.

1813-ம் ஆண்டில், ஸ்டீபன் கிரெலெட் என்ற குவேக்கர் போதகர் நியூகேட் சிறையைப் பார்த்துவிட்டு நேராக எலிசபெத்தின் வீட்டுக்கு வந்தார். அங்கே குழந்தைகள் அம்மணமாக நடுங்குவதைச் சொன்னார். உடனே கம்பளித் துணி வாங்கி, தெரிந்த பெண்களை எல்லாம் கூட்டி, சட்டை தைக்க உட்கார்ந்துவிட்டார் எலிசபெத். அவருடைய சிறைத் தொண்டு ஊசியும் நூலுமாகத்தான் தொடங்கியது.

சிறைக்குள் பள்ளிக்கூடம்

அதன் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவரால் சிறைத் தொண்டைத் தொடர முடியவில்லை. குடும்பத்தில் தொல்லைகள். ஐந்து வயதுகூட நிரம்பாத ஒரு மகளைப் பறிகொடுத்தார்.

1816-ம் ஆண்டு முடிவில் மறுபடியும் நியூகேட்டுக்கு வந்தார். இம்முறை பெண் கைதிகளின் நடுவே தனியாகப் போனார். பைபிளைத் திறந்து, இயேசு சொன்ன திராட்சைத் தோட்டக் கதையைப் படித்தார். காலையில் இருந்து உழைத்தவனுக்கும், வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் எஜமானன் ஒரே கூலி கொடுத்த கதை அது. கேட்டுக் கொண்டிருந்த பெண்களில் சிலர், இயேசு என்பவர் யார் என்று கேட்டார்கள். வேறு சிலர், தங்களுக்குக் காலம் கடந்துவிட்டதே என்று கலங்கினார்கள்.

யாருக்கும் காலம் கடந்துவிடவில்லை என்பதே எலிசபெத்தின் பதில். அதைச் சொல்லோடு நிறுத்தாமல் செயலில் காட்டினார்.

முதலில் கைதிகளின் குழந்தைகளுக்குச் சிறைக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் ஏற்பட்டது. கைக்கடிகாரம் திருடிய குற்றத்துக்காகச் சிறைக்கு வந்த மேரி கானர் என்ற பெண்ணையே கைதிகள் ஆசிரியையாகத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு பெரியவர்களும் தங்களுக்குப் படிப்பும் வேலையும் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

இது நடக்காத காரியம் என்றார்கள் அதிகாரிகள். தையல் சாமான்களைக் கொடுத்தால் திருடி விற்றுவிடுவார்கள் என்றார்கள். எலிசபெத் பின்வாங்கவில்லை. 1817-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் சில பெண்மணிகளைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். பிச்சை எடுக்கக் கூடாது, சூதாடக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்று விதிகள் வகுத்தார். ஆனால் அவற்றைத் தாமாகத் திணிக்கவில்லை. ஒவ்வொரு விதியையும் படித்து, கைதிகளைக் கைதூக்கி ஓட்டுப் போடச் சொன்னார். எல்லாக் கைகளும் உயர்ந்தன!

சில வாரங்களில் சிறை அடையாளம் தெரியாமல் மாறியது. சண்டை போட்ட பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைத்தார்கள்; பின்னினார்கள். லண்டன் மேயரே வந்து பார்த்து வியந்தார். 1818-ம் ஆண்டு பார்லிமெண்டுக் கமிட்டி எலிசபெத்தை அழைத்து அவர் கருத்தைக் கேட்டது.

ஆனால் எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை. 200-க்கு மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை உண்டு என்று சட்டம் இருந்த காலம் அது. கள்ள நோட்டு மாற்றிய ஹாரியட் ஸ்கெல்டன் என்ற பெண்ணைக் காப்பாற்ற எலிசபெத் மந்திரியிடம் மன்றாடினார். பலிக்கவில்லை. 1818-ம் ஆண்டு அந்தப் பெண் தூக்கில் ஏற்றப்பட்டாள்.

ஒரு பை, ஒரு பைபிள்

தூக்கில் இருந்து தப்பியவர்களில் பலருக்குத் தீவாந்திர தண்டனை கிடைக்கும். அவர்களைக் கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று நான்கு மாதம் கடலில் மிதக்க வேண்டும். கப்பலில் செய்ய வேலை இல்லை. போய் இறங்கும் ஊரில் தெரிந்த முகம் இல்லை. கையில் காசும் இல்லை.

நியூகேட்டில் இருந்து துறைமுகத்துக்கு இந்தப் பெண்களை விலங்கு பூட்டித் திறந்த வண்டியில் கொண்டு போவார்கள். வழியெல்லாம் மக்கள் கூடிக் கூச்சலிட்டு, கல்லும் சேறும் வீசுவார்கள். இந்த அவமானத்தை நினைத்துப் புறப்படுவதற்கு முந்திய இரவு கைதிகள் கலகம் செய்வது வழக்கம். 1818-ம் ஆண்டு எலிசபெத் அதிகாரிகளிடம் பேசி, மூடிய வண்டிகளுக்கு ஏற்பாடு செய்தார். தாமும் தம் வண்டியில் பின்னாலேயே போனார். அன்று கலகம் இல்லை.

மரியா என்ற அந்தக் கப்பலில் 128 பெண் கைதிகள் ஏறினார்கள். இத்தனை பேருக்கும் கடலில் என்ன வேலை கொடுப்பது? எலிசபெத்துக்கு ஒரு யோசனை தோன்றியது.

பல நிறத் துண்டுத் துணிகளை வெட்டி, ஒன்றோடொன்று இணைத்துத் தைத்து, போர்வையும் விரிப்பும் செய்வது ஆங்கிலப் பெண்களின் பொழுதுபோக்கு. அதற்கு இயந்திரம் வேண்டாம், மேசை வேண்டாம். ஆடுகிற கப்பலிலும் மடியில் வைத்தே தைக்கலாம். சிறு துண்டில் தொடங்கலாம். தையல் தெரியாதவளும் தைத்துத் தைத்தே கற்றுக் கொள்ளலாம். முடிந்ததும் விற்றுக் காசாக்கலாம். வேண்டிய துணியோ, கடைகளில் மிஞ்சிய துண்டுகள்தான்!

எலிசபெத்தின் சங்கத்தார் ஜவுளி வியாபாரிகளிடம் போய்த் துண்டுத் துணிகளைக் கேட்டு வாங்கினார்கள். நாளடைவில் கப்பலேறும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பை கொடுப்பது வழக்கமாயிற்று. அதில் ஒரு பைபிள், மேலுடுப்பு, 100 ஊசிகள், பல நிற நூல், கத்தரிக்கோல், விரலுறை, சீப்பு, இரண்டு ராத்தல் துண்டுத் துணி ஆகியவை இருக்கும். கண் மங்கியவர்களுக்கு மூக்குக் கண்ணாடியும் உண்டு.

இந்த வேலைக்குப் பலனும் இருந்தது. போகும் வழியில் ரியோ டி ஜெனீரோ துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, கைதிகள் தைத்த போர்வைகள் ஒன்று ஒரு கினி வீதம் விலை போயின. ஒரு கினி என்பது 21 ஷில்லிங். வெறும் கையோடு புறப்பட்டவர்களின் கையில், தாங்கள் உழைத்துச் சம்பாதித்த காசு!

சுமார் 25 ஆண்டுகளில் எலிசபெத்தும் அவர் சங்கத்தாரும் 100-க்கு மேற்பட்ட கப்பல்களில் சுமார் 12,000 பெண்களைச் சந்தித்து, ஆறுதல் சொல்லி வழியனுப்பினார்கள்.

தமக்கே வந்த சோதனை

பிறருக்குப் புதுவாழ்வு காட்டிய எலிசபெத்தின் வாழ்விலும் இடி விழுந்தது. 1828-ம் ஆண்டு நவம்பர் மாதம் அவர் கணவரின் பாங்கி முறிந்தது. நம்பிப் பணம் போட்டவர்கள் தவித்தார்கள். குவேக்கர் சபை ஜோசப்பைத் தன் உறுப்பினர் பட்டியலில் இருந்தே நீக்கிவிட்டது. பிளாஷெட் என்ற இடத்தில் வாழ்ந்த பெரிய வீட்டை விட்டு, குடும்பம் சிறிய வீட்டுக்குக் குடிபோனது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பாங்கிப் பணத்தை எடுத்துத்தான் எலிசபெத் தர்மம் செய்தார் என்றுகூடப் பேசினார்கள். பெற்ற பிள்ளைகளைக் கவனிக்காமல் கைதிகளின் பின்னால் திரிகிறார் என்ற ஏச்சு முன்பே உண்டு. வெளியே தலைகாட்டவே எலிசபெத் கூசினார்.

தலை குனிந்து நிற்பது எப்படி இருக்கும் என்பது இப்போது அவருக்கே தெரிந்தது. ஆனாலும் அவர் ஓய்ந்துவிடவில்லை. சகோதரர்கள் பண உதவி செய்தார்கள். மறுபடியும் சிறைகளுக்குப் போனார். கப்பல்களுக்குப் போனார். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குச் சென்று சிறைகளைப் பார்த்து யோசனை கூறினார். 1842-ம் ஆண்டு பிரஷ்யா நாட்டு மன்னர் நியூகேட் சிறைக்கு வந்து, எலிசபெத் பைபிள் படிப்பதைக் கேட்டார். பிறகு அவர் வீட்டில் விருந்தும் சாப்பிட்டார்.

2,815 துண்டுகள்

1841-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ராஜா என்ற கப்பல் 180 பெண் கைதிகளுடன் இங்கிலாந்தில் இருந்து புறப்பட்டது. அவர்களைக் கவனித்துக் கொள்ள கெஸியா ஹெய்ட்டர் என்ற இளம்பெண் உடன் போனாள். 105 நாள் பயணம். ஜூலை 19-ந் தேதி ஆஸ்திரேலியாவின் தெற்கே, இன்று டாஸ்மேனியா எனப்படும் தீவில் ஹோபார்ட் துறைமுகத்தைக் கப்பல் அடைந்தது.

கைதிகள் இறங்கியபோது அவர்களோடு ஒரு பெரிய விரிப்பும் இறங்கியது. நீளமும் அகலமும் மூன்று மீட்டருக்கு மேல். மொத்தம் 2,815 துண்டுத் துணிகள்! நடுவிலே பறவைகளும் பூக்களும். ஓரத்தில், தங்களுக்குத் துணி கொடுத்து உதவிய பெண்மணிகளுக்கு நன்றி சொல்லும் வாசகத்தைப் பட்டு நூலால் தைத்திருந்தார்கள்.

பின்னர் அந்த விரிப்பு பிரிட்டனுக்குப் போய், வெகு காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. 1987-ம் ஆண்டு எடின்பரோ நகரில் கண்டுபிடிக்கப்பட்டது. 1989-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவுக்கே திரும்பி வந்து, கான்பெரா நகரில் உள்ள தேசியக் கலைக்கூடத்தைச் சேர்ந்தது.

எலிசபெத் பிரை 1845-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 12-ந் தேதி ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரில் காலமானார். பார்க்கிங் என்ற இடத்தில் நடந்த அடக்கத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கூடினார்கள். நியூகேட் சிறை 1902-ம் ஆண்டில் இடிக்கத் தொடங்கி, தரைமட்டமாக்கப்பட்டது. 2002-ம் ஆண்டு முதல் 2017-ம் ஆண்டு வரை இங்கிலாந்தின் ஐந்து பவுன் நோட்டில் எலிசபெத்தின் படம் இருந்தது. பாங்கி முறிந்து பழி சுமந்த அம்மையாரின் முகம், நாட்டின் பண நோட்டிலேயே இடம் பெற்றது!

ராஜா கப்பல் விரிப்பில், தைத்தவர்களின் பெயர்கள் இல்லை. சில இடங்களில் தையல் முத்துக் கோத்ததுபோல் நேர்த்தியாக இருக்கிறது. சில இடங்களில் கோணலும் மாணலுமாக, அப்போதுதான் ஊசி பிடிக்கக் கற்றவளின் கை தெரிகிறது. அந்தக் கோணல் தையலையும் யாரும் பிரித்து எறியவில்லை. நேர்த்தியான தையலுக்குப் பக்கத்திலேயே அதுவும் இருக்கிறது.