ஒளி மருத்துவர் ஃபின்சன்

நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே, வட அட்லாண்டிக் பெருங்கடலில் 18 தீவுகள் கூட்டமாக அமைந்துள்ளன. ஃபரோ தீவுகள் என்று அவற்றை அழைப்பர். அவை டென்மார்க் அரசுக்கு உட்பட்டவை. அங்கு மரங்கள் அரிது. மழையும் மூடுபனியும் மிகுதி. மார்கழி மாதத்தில் கதிரவன் எழுந்து ஐந்து மணி நேரத்தில் மறைந்துவிடும். அந்தச் சிறு பொழுதையும் முகில்கள் மறைத்துவிடும் நாள்கள் பல. அத்தீவுகளின் தலைநகரான டோர்ஷாவ்னில், 1860-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் நீல்ஸ் ரைபர்க் ஃபின்சன் பிறந்தார். வெயிலுக்கு அஞ்சி நிழல் தேடும் நமக்கு, வெயிலுக்காக ஏங்குவது என்றால் என்னவென்று எளிதில் விளங்காது. தில்லியிலும் சண்டிகரிலும் தை மாதப் பனிமூட்டத்தில் ஒரு வாரம் கதிரவனைக் காணாதிருந்த மாணவர்கள் அதனைச் சற்று உணரக்கூடும்.

ஃபின்சனின் முன்னோர் ஐஸ்லாந்தைச் சேர்ந்தவர்கள். தந்தை ஃபரோ தீவுகளில் அரசு அலுவலராகப் பணியாற்றினார். நான்கு வயதிலேயே ஃபின்சன் தாயை இழந்தார். தொடக்கக் கல்வி பிறந்த ஊரில் முடிந்தபின், டென்மார்க்கில் உள்ள விடுதிப் பள்ளி ஒன்றில் அவரைச் சேர்த்தனர். அங்கு அவர் சிறக்கவில்லை. நல்ல உள்ளம் உடையவர் என்றாலும் அறிவுக் கூர்மையும் ஊக்கமும் குறைந்தவர் என்று பள்ளித் தலைவர் மதிப்பிட்டார். ஆதலால் 1876-இல் முன்னோரின் நாடான ஐஸ்லாந்துக்கு, ரெய்க்யவிக் நகரப் பள்ளிக்கு அவர் மாற்றப்பட்டார். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்னும் நிலையை இப்பாடத்தைப் படிக்கும் பலர் நன்கு அறிவர். ஃபின்சனும் அவ்வாறே மொழி மாறி, ஊர் மாறிக் கற்றவர். பள்ளி இறுதித் தேர்வில் 15 மாணவர்களுள் பதினோராம் இடமே அவருக்குக் கிடைத்தது. பள்ளித் தலைவரின் மதிப்பீடு எவ்வளவு பொய்த்தது என்பதைக் காலம் காட்டியது.

1882-இல் மருத்துவம் பயிலக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே நோய் அவரைப் பற்றிக்கொண்டது. இதயம், கல்லீரல், மண்ணீரல் ஆகிய உறுப்புகளைச் சுற்றியுள்ள சவ்வுகள் சிறிது சிறிதாகத் தடித்து, அவ்வுறுப்புகளின் இயக்கத்தைத் தடுத்தன. வயிற்றில் நீர் கோத்தது. சிறிது நடந்தாலும் களைப்பு மேலிட்டது. அந்நிலையிலும் படிப்பைக் கைவிடாது 1890-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றுத் துறை ஆசிரியராகச் சில ஆண்டுகள் பணிபுரிந்தார்.

அவர் வாழ்ந்த அறை வடக்கு நோக்கியது, வெயில் எட்டாதது. தம் சோர்வுக்கு வெளிச்சக் குறைவும் காரணமாகலாம் என அவர் ஐயுற்றார். சன்னல் வழியே ஒரு பூனையை அவர் கவனித்ததாகக் கூறுவர். நிழல் நகர்ந்து தன்மீது விழும்போதெல்லாம் அப்பூனை எழுந்து, வெயில் படும் இடத்துக்குச் சென்று மீண்டும் படுத்ததாம். இதனைக் கண்டவர் ஆயிரம் பேர் இருப்பர். கண்டதனைச் சோதனையாக மாற்றியதே ஃபின்சனின் தனிச்சிறப்பு.

அவர் தம் முன்கையின் ஒரு பகுதியில் கரிய மையைப் பட்டையாகப் பூசி, வெயிலில் சில மணி நேரம் காட்டினார். மையைக் கழுவியபின் பார்த்தபோது, மை பூசிய இடம் வெண்மையாக இருந்தது; சுற்றியிருந்த தோல் சிவந்து, பின் பழுப்பேறியது. மீண்டும் அதே கையை, இம்முறை மை பூசாமல் வெயிலில் காட்டினார். முன்னர் வெண்மையாக இருந்த பட்டை இப்போது சிவந்தது. பழுப்பேறிய தோலுக்கு ஒன்றும் நேரவில்லை. தோல் கருமையடைவது ஒளிக்கு எதிராக உடல் பிடிக்கும் குடை என்பது இதனால் புலனாயிற்று. கறுத்த தோலை இழிவாகப் பேசும் பழக்கம் இன்றும் நம்மிடையே உண்டு. அவ்வாறு பேசுவோர் இச்சோதனையை அறிந்திருந்தால் நன்று.

வெயிலின் வெப்பம் அன்று, அதன் நீல, ஊதா, புற ஊதாக் கதிர்களே தோலைத் தாக்குகின்றன என்பதை ஃபின்சன் கண்டார். அக்கதிர்களைத் தடுத்தால் பெரியம்மை நோயாளிகளின் கொப்புளங்கள் சீழ் பிடிக்காமல் ஆறும் எனக் கருதினார். நிழற்படம் கழுவும் அறையில் சிவப்பு ஒளி மட்டும் இருப்பதைப் போல, நோயாளியின் அறைச் சன்னல்களுக்குச் சிவப்புத் திரை இடுமாறு 1893-இல் அறிவுறுத்தினார். பல நாட்டு மருத்துவர்கள் அதனைப் பின்பற்றினர். எனினும் அம்முறை நிலைக்கவில்லை. பெரியம்மையை வென்றது தடுப்பூசியே. ஆயினும் இதுவே அவரை அடுத்த வினாவுக்கு இட்டுச் சென்றது. கேடு செய்யும் ஆற்றல் ஒளிக்கு உண்டென்றால், அதே ஆற்றலை நோய்க்கிருமிகளின்மீது ஏவலாகாதா? ஒளி கிருமிகளைக் கொல்லும் என்பதை டவுன்ஸ், பிளன்ட் என்னும் இங்கிலாந்து அறிஞர்கள் 1877-இலேயே நிறுவியிருந்தனர்.

அக்காலத்தில் வட ஐரோப்பாவில் லூபஸ் வல்காரிஸ் என்னும் தோல் காசநோய் பலரை வாட்டியது. லூபஸ் என்பது ஓநாயைக் குறிக்கும் இலத்தீன் சொல். ஓநாய் கடித்துத் தின்றது போல முகத்தைச் சிதைப்பதால் நோய்க்கு இப்பெயர் வந்தது என்பர். மூக்கிலோ கன்னத்திலோ செம்பழுப்பு நிறச் சிறு முடிச்சுகளாக அது தொடங்கும். வலி பெரிதாக இராது. ஆதலால் பலர் தொடக்கத்தில் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆண்டுக் கணக்கில் மெல்லப் பரவி, மூக்கையும் உதட்டையும் காதையும் அரித்துவிடும். நோயாளிகள் முகத்தைத் துணியால் மூடி நடந்தனர். அவர்களுக்கு வேலை தருவோர் அரிது. சாவதற்கு முன்பே உலகத்திலிருந்து விலக்கப்பட்டவர்களாக அவர்கள் வாழ்ந்தனர்.

இந்நோயைக் கண்டறிய எளிய முறை ஒன்று உண்டு. புண்ணின்மீது தட்டையான கண்ணாடித் துண்டை அழுத்தினால், குருதி விலகித் தோல் வெளிறும். தோல் காசநோயாயின், வெளிறிய இடத்தில் ஆப்பிள் பழக்கூழின் நிறத்தில் பழுப்பு மஞ்சள் புள்ளிகள் தெரியும். நுரையீரல் காசத்துக்குக் காரணமான அதே கிருமிதான் இதற்கும் காரணம். ராபர்ட் காக் அக்கிருமியை 1882-இல் கண்டுபிடித்தார். காரணம் தெரிந்தபின்னும் மருந்து கிட்டவில்லை. மருத்துவர்கள் புண்ணைச் சுரண்டினர், சூட்டுக் கோலால் சுட்டனர், எரிகாரம் இட்டனர். நோய் பெரும்பாலும் மீண்டும் வந்தது, தழும்புகளோ நிலைத்தன.

ஒளியால் இதனைக் குணப்படுத்த இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று வெப்பம். ஒளியைக் குவித்தால் தோல் வெந்துபோகும். மற்றொன்று குருதி. அதன் செந்நிறம் நீல, ஊதாக் கதிர்களை விழுங்கிவிடும். இதனை ஃபின்சன் ஓர் அழகிய சோதனையால் மெய்ப்பித்தார். காதின் பின்புறம் நிழற்படத் தாளை வைத்து, முன்புறம் ஒளியைப் பாய்ச்சினார். நிமிடங்கள் கடந்தும் தாள் கறுக்கவில்லை. பின்னர் காதை இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே அழுத்தி, குருதியை வெளியேற்றி ஒளியைப் பாய்ச்சினார். சில நொடிகளிலேயே தாள் கறுத்தது.

1895 நவம்பரில் முதல் நோயாளி வந்தார். அவர் நீல்ஸ் மோகன்சன் என்னும் பொறியாளர். பல ஆண்டுகளாக முகத்தில் இந்நோயைச் சுமந்தவர். பலவகை மருத்துவமும் செய்து பயன் காணாதவர். கோபன்ஹேகன் மின்விளக்கு நிலையத்தில் கார்பன் வில்விளக்கு ஒன்றை ஏற்றி, அதன் ஒளியை நாள்தோறும் அவர் முகத்தில் பாய்ச்சினர். சில மாதங்களில் புண்கள் ஆறின. கத்தியும் தீயும் தீண்டாமல் அம்முகம் நலமடைந்தது.

அடுத்த ஆண்டே, நன்கொடையாளர்கள் சிலரின் துணையால், கோபன்ஹேகனில் ஃபின்சன் ஒளி மருத்துவ நிலையம் தோன்றியது. அங்கு நடந்த சிகிச்சை பொறுமையின் வேலை. பேரொளி வீசும் வில்விளக்கிலிருந்து நான்கு குழாய்கள் நான்கு திசையிலும் சாய்ந்து இறங்கின. சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் என்பதால் படிகக்கல் வில்லைகள் பொருத்தப்பட்டன. குழாயில் இருந்த நீர் வெப்பத்தை உறிஞ்சியது. ஒவ்வொரு குழாயின் கீழும் ஒரு நோயாளி படுத்திருப்பார். அருகில் கறுப்புக் கண்ணாடி அணிந்த செவிலி அமர்ந்திருப்பார். குளிர்நீர் ஓடும் சிறிய படிகக்கல் வில்லையைப் புண்ணின்மீது அழுத்திப் பிடிப்பது அச்செவிலியின் பணி. ஒரு மணி நேரம் கை அசையாமல் பிடித்தால், சிறு நாணய அளவுள்ள இடத்துக்கு மட்டுமே அன்றைய சிகிச்சை முடியும். மறுநாள் அடுத்த இடம். முகம் முழுவதும் நோய் பரவியவருக்கு மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் இவ்வேலை தொடர்ந்தது. நோபல் பரிசு ஃபின்சனின் பெயரில் உள்ளது; பெயர் தெரியாத அச்செவிலியரின் கைகளுக்கும் அதில் பங்குண்டு என்றே கருதவேண்டும்.

முதல் சில ஆண்டுகளில் மட்டும் 800-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். பெரும்பாலோர் குணமடைந்தனர் அல்லது பெரிதும் நலமுற்றனர். டென்மார்க்கில் பிறந்து இங்கிலாந்தின் அரச குடும்பத்தில் மணம் புரிந்த அலெக்சாண்ட்ரா, 1900-இல் லண்டன் மருத்துவமனைக்கு ஃபின்சன் விளக்கைப் பெற்றுத் தந்தார். 1903-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஃபின்சனுக்கு அறிவிக்கப்பட்டது. பரிசு பெற ஸ்டாக்ஹோம் செல்ல அவர் உடல் இடந்தரவில்லை. அப்போது அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். பரிசுப் பணத்தில் பெரும்பகுதியைத் தம் ஒளி நிலையத்துக்கும், இதய, கல்லீரல் நோயாளிகளுக்கான மருத்துவ இல்லத்துக்கும் அளித்தார்.

தம் நோயையும் அவர் ஆய்வுப் பொருளாகவே கொண்டார். உண்ணும் உணவையும் பருகும் நீரையும் நாள்தோறும் அளந்து குறித்தார். உடலில் உப்புத் தேங்குவதே நீர் கோப்பதற்குக் காரணமாகலாம் என எண்ணி, உப்பைக் குறைத்து உண்டு பார்த்தார். அதனைப் பற்றிய அவரது கட்டுரை 1904-இல் வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 43.

ஃபின்சன் விளக்குகள் மேலும் பல ஆண்டுகள் எரிந்தன. ஸ்ட்ரெப்டோமைசின், ஐசோனியசிட் முதலிய மருந்துகள் வந்தபின் அவற்றின் தேவை மறைந்தது. இன்று தோல் காசநோயை உறுதிசெய்ய, புண்ணிலிருந்து சிறு தசைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் ஆய்ந்து, கிருமியையும் வளர்த்துப் பார்க்கின்றனர். பொதுவாக ஆறு மாத காலம் மருந்து உண்டால் நோய் நீங்கிவிடும். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் அம்மருந்து கட்டணமின்றிக் கிடைக்கிறது.

ஒரு புதிர் மட்டும் எஞ்சியிருந்தது. அவருடைய கருவிகளை டென்மார்க் ஆய்வாளர்கள் மீண்டும் சோதித்து, 2005-இல் முடிவுகளை வெளியிட்டனர். கிருமிகளை நேரடியாகக் கொல்வதாகக் கருதப்பட்ட புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதி, கருவியின் வடிகட்டியைக் கடந்து தோலை எட்டவே இல்லை. காசநோய்க் கிருமிகள் தமக்குள்ளே போர்ஃபிரின் என்னும் நிறப்பொருளை உண்டாக்குகின்றன. கருவியைக் கடந்து வந்த ஒளி பட்டு அப்பொருள் தூண்டப்பட்டதும், அது தோற்றுவித்த வீரியமிக்க ஆக்சிஜன் கிருமிகளை அழித்திருக்கவேண்டும் என அவர்கள் கண்டனர்.