எரியும் பனிக்கட்டியும் ஹம்ப்ரி டேவியும்

பனிக்கட்டி மீது எரியும் தீக்குச்சியை வைத்தால் என்ன ஆகும் குட்டீஸ்? தீக்குச்சி அணைந்துவிடும் என்றுதானே சொல்வீர்கள்? ஆனால், ஆழ்கடலின் அடியில் ஒரு வகைப் பனிக்கட்டி இருக்கிறது. அதை மேலே கொண்டுவந்து நெருப்பு வைத்தால் குபீரென்று பற்றிக்கொள்ளும். எரிந்து முடிந்ததும் மிஞ்சுவது வெறும் தண்ணீர்! இதற்கு 'வாயு ஹைட்ரேட்' என்று பெயர். தண்ணீரும் வாயுவும் சேர்ந்து உறைந்த பொருள் இது.

இந்த வகைப் பொருளை முதன்முதலில் அடையாளம் கண்டவர், கடலின் அடியைப் பார்த்ததே இல்லை. அவர் வாழ்ந்த காலத்தில் அவ்வளவு ஆழத்துக்கு யாரும் போனதும் இல்லை. அவர் பெயரை வேறு காரணத்துக்காக உங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவர்தான் சர் ஹம்ப்ரி டேவி.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடலோரம் பென்சான்ஸ் என்று ஓர் ஊர். அங்கே 1778-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி டேவி பிறந்தார். அப்பா மரத்தில் சிற்ப வேலைப்பாடு செய்பவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் டேவி. 1794-ல் அப்பா இறந்துபோக, குடும்பம் கடனில் தவித்தது. மறு ஆண்டே ஊரிலிருந்த மருத்துவர் ஒருவரிடம் மருந்து கலக்கும் வேலை பழகச் சேர்ந்தார் டேவி. அங்கேதான் வேதியியல் மீது ஆசை பிறந்தது. அவர் கல்லூரிக்குப் போனதே இல்லை. புத்தகங்களைத் தானே படித்து, கையில் கிடைத்த குப்பிகளையும் குழாய்களையும் வைத்துச் சோதனை செய்து கற்றுக்கொண்டார்.

இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், பிரிஸ்டல் நகரில் வாயுக்களை வைத்து நோய் தீர்க்க முயன்ற ஒரு நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே அவர் செய்த காரியத்தைக் கேட்டால் பயந்துவிடுவீர்கள். வாயுக்களைத் தானே முகர்ந்து பார்ப்பார்! நைட்ரஸ் ஆக்ஸைடை முகர்ந்தபோது சிரிப்பு சிரிப்பாக வந்தது. 'சிரிப்பூட்டும் வாயு' என்று நாம் சொல்வது அதைத்தான். அறுவை சிகிச்சையில் வலி தெரியாமலிருக்க இது உதவலாம் என்று 1800-லேயே எழுதினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் மருத்துவர்கள் விழித்துக்கொண்டார்கள். இன்னொரு முறை, கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவை முகர்ந்து சாவின் விளிம்புவரை போய் வந்தார். இதையெல்லாம் நீங்கள் செய்து பார்க்கவே கூடாது, சரியா?

1801-ல் லண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிட்யூஷன் அவரை அழைத்துக்கொண்டது. அவர் பேச்சைக் கேட்க அரங்கம் நிரம்பி வழிந்தது. 1807-ல் மின்சாரத்தைச் செலுத்திப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். பொட்டாசியத்தின் சின்னச் சின்ன உருண்டைகள் தீப்பற்றி ஒளிர்ந்தபோது, சந்தோஷத்தில் ஆய்வுக்கூடத்தையே சுற்றிச் சுற்றி ஆடினாராம்.

நம் கதைக்கு முக்கியமான ஆண்டு 1810. அப்போது குளோரின் வாயுவைப் பற்றி ஆராய்ந்து கொண்டிருந்தார் டேவி. குளிர்காலத்தில் குளோரின் வாயு அடைத்த பாட்டில்களுக்குள் மஞ்சள் நிறத்தில் படிகங்கள் உண்டாவது வேதியியலாளர்களுக்குத் தெரியும். வாயுதான் குளிரில் உறைந்து இப்படிக் கட்டியாகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். புத்தகங்களிலும் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள்.

டேவி என்ன செய்தார் தெரியுமா? வாயுவில் இருந்த ஈரத்தை முழுக்க நீக்கிவிட்டார். பிறகு அதைக் குளிர வைத்தார். வெப்பநிலை மைனஸ் 40 டிகிரிவரை போயிற்று. (செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா என்று கேட்கிறீர்களா? மைனஸ் 40-ல் மட்டும் இரண்டும் ஒன்றுதான்!) அப்போதும் படிகம் உண்டாகவில்லை. ஆனால், அதே வாயுவைத் தண்ணீரில் கரைத்துக் குளிர வைத்தால், வெறும் தண்ணீரைவிடச் சுலபமாக உறைந்தது. அப்படியானால், படிகம் உண்டாக வாயு மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும். உலகில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட வாயு ஹைட்ரேட் இதுதான். சோதனை மிகவும் எளிமையானது. ஆனால் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்ததைச் சோதித்துப் பார்க்க அவருக்குத்தான் தோன்றியது.

1812-ல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு, ஆய்வின்போது நடந்த ஒரு வெடிப்பில் கண்ணில் காயம். எழுத முடியாமல் தவித்தவருக்குக் குறிப்பெடுத்து உதவ, புத்தகம் பைண்டிங் செய்யும் ஓர் இளைஞர் வந்தார். யார் தெரியுமா? மைக்கேல் ஃபாரடே! 1813-ல் ஃபாரடேயைத் தன் உதவியாளராகவே சேர்த்துக்கொண்டார் டேவி. இருவரும் ஐரோப்பாவைச் சுற்றிவரக் கிளம்பினார்கள்.

1814-ல் இத்தாலியில் அவர்கள் வோல்டாவைச் சந்தித்தார்கள். மின்கலத்தைக் கண்டுபிடித்த அதே வோல்டாதான். குளத்துச் சேற்றில் குச்சியால் குத்தினால் குமிழ் குமிழாகக் கிளம்புமே, பார்த்திருக்கிறீர்களா? 1776-ல் மஜோரே ஏரியின் சேற்றிலிருந்து வந்த அந்தக் குமிழ்களைப் பிடித்து, அது எரியும் வாயு என்று காட்டியவர் அவர். இன்று அதை மீத்தேன் என்கிறோம். செடிகொடிகளும் உயிர்களும் மட்கும்போது, காற்று புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயு இது.

அதே பயணத்தில் இத்தாலியின் மலைப்பகுதியில் பியட்ராமாலா என்ற இடத்துக்கும் போனார்கள். அங்கே நிலத்திலிருந்து கசிந்து வரும் வாயு தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. எரிமலையா என்றால் அதுவும் இல்லை. டேவி அந்த வாயுவைப் பிடித்துக்கொண்டு போய் ஆராய்ந்தார். அதுவும் மீத்தேன்தான்!

1815-ல் நாடு திரும்பியதும் அந்த மீத்தேனே அவருக்கு வேலை வைத்தது. நிலக்கரிச் சுரங்கங்களில் பாறை இடுக்குகளிலிருந்து மீத்தேன் கசியும். வெளிச்சத்துக்காகத் தொழிலாளர்கள் மெழுகுவர்த்தி கொண்டுபோவார்கள். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம்வரை கலந்திருந்தால் போதும், சுடர் பட்டதும் வெடித்துவிடும். 1812 மே மாதம் ஃபெல்லிங் என்ற சுரங்கத்தில் இப்படி வெடித்து 92 பேர் இறந்தார்கள். அவர்களில் உங்கள் வயதுச் சிறுவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகளையும் சுரங்கத்துக்குள் வேலைக்கு அனுப்பினார்கள்.

சுரங்க வாயுவைப் புட்டிகளில் அடைத்து லண்டனுக்கு வரவழைத்தார் டேவி. குறுகலான உலோகக் குழாய் வழியாகச் சுடர் தாண்டிப் போவதில்லை என்று கண்டுபிடித்தார். அடுத்து, மெல்லிய கம்பி வலையும் அதே வேலையைச் செய்யும் என்று தெரிந்தது. ஒரு சதுர அங்குலத்தில் 784 துளைகள் உள்ள வலையால் விளக்கின் சுடரைச் சுற்றி மூடினார். வலைக்குள்ளே வாயு எரியும். ஆனால் கம்பிகள் வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், வெளியே இருக்கும் வாயு தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாவதில்லை. 1816 ஜனவரியில் விளக்கு சுரங்கத்துக்குள் இறங்கியது. இதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் பெரும் பணக்காரர் ஆகியிருப்பார்.

ஆனால் விளக்கு எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. வலை துருப்பிடித்தால் ஆபத்து. பலமாகக் காற்றடித்தாலும் ஆபத்து. விளக்கு இருக்கிறதே என்று, முன்பு மூடி வைத்திருந்த அபாயமான பகுதிகளையும் முதலாளிகள் திறந்துவிட்டார்கள். விபத்துகள் தொடர்ந்தன.

1823-ன் குளிர்காலத்தில் பழைய குளோரின் படிகங்கள் மறுபடியும் வந்தன. இந்த முறை ஃபாரடேயின் கையில். படிகத்தைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, இரு முனையையும் மூடிச் சூடாக்கிப் பார் என்றார் டேவி. அப்படியே செய்தார் ஃபாரடே. குழாய்க்குள் எண்ணெய் போல ஏதோ துளிர்த்தது. அப்போது அங்கே வந்த டேவியின் நண்பர், அழுக்குக் குழாயையா பயன்படுத்துகிறாய் என்று கேலி செய்தார். ஃபாரடே குழாயின் முனையை அரத்தால் ராவினார். பட்டென்று வெடித்தது, எண்ணெயைக் காணோம்! மறுநாள் காலை அந்த நண்பருக்கு ஃபாரடேயிடமிருந்து ஒரு வரிச் சீட்டு போனது. அவர் பார்த்த எண்ணெய், திரவமான குளோரின்தானாம்!

இதில் யாருக்குப் பெருமை என்பதில் குருவுக்கும் சீடருக்கும் மனக்கசப்பு வந்தது. யோசனை தன்னுடையது என்று டேவி சேர்த்து எழுதினார். 1824-ல் ஃபாரடே ராயல் சொசைட்டி உறுப்பினராவதையும் எதிர்த்தார். அப்போது அதன் தலைவரே டேவிதான். எதிர்ப்பையும் மீறி ஃபாரடே தேர்வானார். இவ்வளவு பெரிய மனிதர் இப்படிச் செய்திருக்க வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிறகு உடல்நலம் குன்றி, 1829 மே 29-ஆம் தேதி ஜெனீவா நகரில் டேவி காலமானார். வயது 50.

ஒன்றைக் கவனித்தீர்களா? வாயுவும் தண்ணீரும் சேர்ந்து உறையும் என்று டேவிக்குத் தெரியும். பூமியிலிருந்து மீத்தேன் கசிகிறது என்பதும் தெரியும். ஆனால், இந்த இரண்டும் ஒரே இடத்தில் சேரும் என்று தெரியாது. குளோரினுக்குச் சாதாரணக் குளிர் போதும். மீத்தேனுக்கு அது போதாது, பயங்கர அழுத்தமும் வேண்டும். 1888-ல்தான் வில்லார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஆய்வுக்கூடத்தில் மீத்தேன் ஹைட்ரேட்டை உண்டாக்கினார்.

அந்த அழுத்தம் கடலில் இயற்கையாகவே இருக்கிறது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் நம் காற்றழுத்தம் அளவுக்குக் கூடிக்கொண்டே போகும். 500 மீட்டர் ஆழத்தில் ஐம்பது மடங்குக்கு மேல்! தண்ணீரும் சில்லென்று இருக்கும். கடலடி வண்டலில் உண்டாகும் மீத்தேன், பிளவுகள் வழியே மெல்ல மேலே கசியும். வழியில் தண்ணீர் மூலக்கூறுகள் அதைச் சுற்றிக் கூண்டு கட்டிவிடும். அந்தக் கூண்டுக்குள் மீத்தேன் அடைபட்டு உறைந்துவிடும். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் உருகினால் சுமார் 160 கன மீட்டர் மீத்தேன் வெளிவரும்! நம் நாட்டிலும் 2006-ல் வங்கக் கடலில், கிருஷ்ணா-கோதாவரி படுகையைத் துளைத்தபோது இது கிடைத்தது.

2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு ஒன்று உடைந்து, சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் எண்ணெயும் வாயுவும் பீறிட்டன. அதைப் பிடிக்க மிகப்பெரிய இரும்புப் பெட்டியைக் கவிழ்த்து இறக்கினார்கள். உள்ளே ஹைட்ரேட் படிகங்கள் உண்டாகி, வெளியேறும் வழியை அடைத்துக்கொண்டன. பெட்டியை ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று.

அதே வளைகுடாவில் 1997-ல் விஞ்ஞானிகள் நீர்மூழ்கியில் இறங்கியபோது, ஹைட்ரேட் கட்டியின் மேல் ஏதோ நெளிவதைப் பார்த்தார்கள். இளஞ்சிவப்பு நிறப் புழுக்கள்! நீளம் இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர். இரு பக்கமும் துடுப்பு போல வரிசையாகக் கால்கள். கட்டியில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. ஒவ்வொரு குழியிலும் ஒரு புழு சொகுசாகக் குடியிருந்தது.