கண்ணுள் வினைஞர்

பழந்தமிழ் நூல்களில் ஓவியர்க்குக் கண்ணுள் வினைஞர் என்றொரு பெயர் வழங்குகின்றது. பார்ப்போர் கண்ணுக்குள்ளே தம் வேலைப்பாட்டை நிலைபெறச் செய்பவர் என உரையாசிரியர் அதற்கு விளக்கம் தந்தனர். மாணாக்கர்க்கு இச்சொல்லைப் பல்லாண்டு கற்பித்து வந்தேனாயினும், அதன் முழுப்பொருளை யான் உணர்ந்தது மிகப் பிந்தியே. ஓவியனுடைய கண்ணைப் பற்றி அப்பெயர் ஒன்றும் கூறவில்லை. காண்பவனுடைய கண்ணைப் பற்றியே கூறுகின்றது. இவ்வேறுபாட்டை எனக்கு விளங்க வைத்தது வங்கநாட்டு ஓவியர் வினோத் பிகாரி முகர்ஜி அவர்களின் வாழ்க்கை.

அதனைச் சொல்லுமுன் என் பிழையொன்றைச் சொல்லிவிட வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாடசாலை ஒன்றில் யான் வகுப்பாசிரியனாக இருந்த காலம் அது. முன்வரிசையில் இருந்தும் கரும்பலகையின் எழுத்தைப் படிக்கமாட்டாத சிறுவன் ஒருவன் அவ்வகுப்பில் இருந்தான். தடித்த கண்ணாடி அணிந்திருப்பான். ஆயினும் அவன் கொப்பிகளின் பின்புறமெல்லாம் டச்சுக்குடாவின் தோணிகளும், கோட்டை வாயிலில் மேயும் புள்ளிமான்களும் நிறைந்திருக்கும். பாடங்களைத் தெரிவு செய்யும் வேளையில் சித்திரத்தை எடுக்க அவன் விரும்பினான். கண் பழுதுற்றவனுக்குச் சித்திரம் எதற்கு என்று எண்ணி, அவன் தந்தையை அழைத்துப் பேசி, வேறு பாடத்துக்கு மாற்றுவித்தேன். நன்மை செய்தேன் என்றே நம்பினேன். அவன் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் அவன் கொப்பிகளில் தோணியும் இல்லை, மானும் இல்லை.

சில ஆண்டுகள் கழிந்தபின் வினோத் பிகாரியின் வரலாற்றைப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. படித்து முடித்த இரவில் உறக்கம் வரவில்லை.

வினோத் பிகாரி 1904ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் நாள் கல்கத்தாவை அடுத்த பெஹாலாவில் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கண் பார்வையற்றது. மற்றைக் கண்ணும் அண்மையிலுள்ளவற்றை மட்டுமே காணவல்லது. எனவே ஏனைய பிள்ளைகளைப் போல ஒழுங்காகப் பள்ளி சென்று பயிலும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. பரீட்சையைத் தலையாயதெனக் கருதாத பள்ளி ஒன்று வேண்டியிருந்தது. அத்தகைய பள்ளி அன்று வங்கத்தில் இரவீந்திரநாத தாகூரின் சாந்திநிகேதனமாகவே இருந்தது. 1917ஆம் ஆண்டில் சிறுவன் அங்குச் சேர்க்கப்பட்டான்.

1919ஆம் ஆண்டில் தாகூர் அங்கே கலாபவனத்தை நிறுவினார். அரசாங்கம் நடாத்திய ஓவியப் பள்ளிகளில் அந்நாளில் மேனாட்டுச் சுதைப் பதுமைகளை முன்வைத்து அச்சுப்போலப் படியெடுக்கப் பழக்கும் முறை பெரிதும் நிலவியது. கலாபவனமோ மிகச் சிறியது. ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே வளவில் வாழ்ந்தனர். ஓவியம் பயில்வோர்க்கு இசையும், இலக்கியமும், நாடகமும், பருவ விழாக்களும் புறம்பான பொருள்களாக இருக்கவில்லை. இக்கல்லூரியை வழிநடத்த வந்தவர் நந்தலால் போஸ். அவர் தம் மாணாக்கரைச் சந்தாலர் கிராமங்களுக்கும், கோபாய் ஆற்றங்கரைக்கும், மழைநீர் அரித்த செம்மண் வெளிகளுக்கும் கொண்டுசென்றார். மரத்தையும் மாட்டையும் மனிதரையும் கண்ணாரக் கண்டு, கண்டதை மனத்திலே பதித்து, பின்னர் தாளில் வரைதல் அவர் பயிற்றிய முறை. ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் மேனாட்டுக் கலையின் வரலாற்றை அங்கே விரிவுரை செய்தார். கீழைத்தேயக் கலையும் மேலைத்தேயக் கலையும் அம்மாணாக்கர்க்கு ஒருங்கே அறிமுகமாயின.

கலாபவனத்தின் முதல் மாணாக்கருள் வினோத் பிகாரியும் ஒருவர். கண்டு வரைதலையே அடிப்படையாகக் கொண்ட கல்லூரியில் காணும் ஆற்றல் குன்றிய மாணாக்கன்! நந்தலாலுக்கு ஐயம் எழுந்தது இயல்பே. இவனை வைத்துக்கொள்வது தகுமா என்று அவர் தாகூரிடம் வினவினார். சிறுவன் ஆர்வத்தோடும் ஒழுங்கோடும் வருகின்றானாயின் அவனைத் தடுக்க வேண்டா, வருங்காலத்தை எண்ணி அஞ்சவும் வேண்டா என்பது தாகூரின் கருத்தாக இருந்தது. அவ்வளவே, சிறுவன் கலாபவனத்திலே தங்கினான். நந்தலாலின் ஐயமே எனக்கும் எழுந்தது. ஆனால் அவர் கேட்டறிந்து முடிவு செய்தார். யானோ எவரையும் கேளாது முடிவு செய்தேன்.

1925ஆம் ஆண்டு வினோத் பிகாரி கலாபவனத்தின் ஆசிரியர்களுள் ஒருவரானார். நூலகத்தைப் பேணும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. நூல்களைக் கண்ணருகே பிடித்துப் படித்துப் படித்தே சீன, யப்பானிய ஓவியங்களில் ஆழ்ந்த புலமை எய்தினார். 1930களின் பிற்பகுதியில் யப்பான் சென்று அந்நாட்டு ஓவியருடன் பழகினார். தெய்வங்களையும் இதிகாச மாந்தரையும் வங்க ஓவியர் பலர் விரும்பி வரைந்த காலத்தில், இவர் சாந்திநிகேதனத்தின் வெட்டவெளியையும், தனித்து நிற்கும் மரங்களையும், தம்மைச் சூழ்ந்த எளிய வாழ்வையும் வரைந்தார்.

அவர் புகழ் நிலைத்திருப்பது சுவரோவியங்களில். 1940ஆம் ஆண்டு மாணவர் விடுதியின் கூரையுட்புறத்திலும், 1942ஆம் ஆண்டு சீனபவனத்திலும் ஓவியம் தீட்டினார். 1946, 1947ஆம் ஆண்டுகளில் இந்திபவனத்தின் மூன்று சுவர்களில் இடைக்கால அடியார்களின் வாழ்வை எழுதினார். இது ஈரச்சுண்ணத்தின் மீது வரையும் முறை. சுண்ணமும் மணலும் கலந்து பூசிய சாந்து உலருமுன்னர் வண்ணம் தீட்டப்பெறல் வேண்டும். அப்போதுதான் வண்ணம் சுவரோடு ஒன்றாகும். உலர்ந்தபின் திருத்த இயலாது. திருத்த விரும்பின் அப்பகுதியைக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூசவேண்டும். இத்தகைய வேலைக்குச் சுவரளவான முன்வரைவு ஒன்றை ஆயத்தஞ் செய்து வைத்துக்கொள்வதே வழக்கம். வினோத் பிகாரி அது கொள்ளாமலே நேரே சுவரில் எழுதினார். தள்ளி நின்று முழுச்சுவரையும் ஒருங்கே நோக்கும் பார்வை அவருக்கு இல்லை. முழுச்சுவரும் முன்னரே அவர் உள்ளத்தில் இருந்தது.

ஆறு பெருகுவதுபோல் அவ்வோவியத்தில் மக்கள் கூட்டம் பெருகிச் செல்கின்றது. தமிழகம் தந்த இராமாநுசர் அங்குள்ளார். நெசவாளராகிய கபீர் உள்ளார். துளசிதாசரும், சீக்கிய குரு கோவிந்த சிங்கும் உள்ளனர். கண்ணொளி அற்றவர் என மரபு கூறும் சூர்தாசரும் உள்ளார். அவரை வரைந்த கைக்குரியவர் இன்னும் பத்தாண்டுகளுக்குள் தாமும் அந்நிலை எய்தப் போவதை அன்று யாரறிவார்? அப்பணியில் துணைநின்ற மாணாக்கருள் கே. ஜி. சுப்பிரமணியனும் ஒருவர். சென்னையில் பொருளியல் பயின்று, விடுதலைப் போராட்டத்தில் சிறைசென்று, பின் கலாபவனம் புகுந்தவர் அவர். பிற்காலத்தில் இந்திய ஓவியருள் தலைசிறந்தவருள் ஒருவராய் விளங்கி 2016இல் மறைந்தார்.

1949ஆம் ஆண்டில் வினோத் பிகாரி சாந்திநிகேதனத்தை நீங்கிக் காத்மாண்டு அரும்பொருட்சாலையின் காப்பாளராகச் சென்றார். பின்னர் இராசத்தானத்தில் வனஸ்தலி வித்தியாபீடத்தில் கற்பித்தார். அதன்பின் தம் மனைவியும் ஓவியருமான லீலா அம்மையாருடன் முசூரி மலையில் சிறியதோர் ஓவியப் பயிற்சிக்கூடம் அமைத்தார். 1956ஆம் ஆண்டளவில் எஞ்சியிருந்த கண்ணுக்குச் சத்திர சிகிச்சை செய்யப்பெற்றது. அது பயன் தராமற் போயிற்று. ஐம்பது வயதைச் சற்றே கடந்த நிலையில் உலகம் அவருக்கு முற்றும் இருண்டது.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டுமென்பது உலக வழக்கு. இவருக்கோ சுவரே இடிந்து வீழ்ந்தது போலாயிற்று. ஆயினும் அவர் ஓய்ந்திலர். 1958இல் கலாபவனத்துக்குத் திரும்பிக் கலை வரலாறு கற்பித்தார். பல்லாண்டு மனத்தில் சேர்த்துவைத்த ஓவியங்களெல்லாம் அவர் சொல்லாலே மாணாக்கர்முன் எழுந்தன. கையோ சும்மா இருக்கவில்லை. வண்ணத்தாள்களை மடித்தும் வெட்டியும் ஒட்டியும் உருவங்கள் செய்தார். விளிம்பை விரல் உணர்த்திற்று, வண்ணத்தை நினைவு உணர்த்திற்று. களிமண்ணில் உருவங்கள் வனைந்தார். 1972ஆம் ஆண்டில் கலாபவனத்தின் சுவரொன்றில் வண்ண ஓடுகளாலாகிய பெரும் ஓவியம் அமைத்தார். அதே ஆண்டில், முன்பு கலாபவனத்தில் அவரிடம் பயின்ற சத்தியசித் ராய், தம் ஆசிரியரைப் பற்றி அகக்கண் என்னும் பொருள்படும் பெயரில் ஓர் ஆவணத் திரைப்படம் எடுத்தார். 1974இல் இந்திய அரசாங்கம் பத்மவிபூஷண் விருது வழங்கிற்று. தம் வாழ்வை அவர் வங்கமொழியில் சொல்ல, பிறர் எழுதினர். சித்திரகார் என்னும் அந்நூல் அம்மொழியின் உயர்ந்த உரைநடை நூல்களுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. 1980ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் மகள் மிருணாளினி சணல்நாரை முடிந்து பேருருவங்கள் சமைத்த சிற்பியாய்ப் புகழ்பெற்றார்.

சாந்திநிகேதனம் நம் நாட்டுக்குப் புதியதன்று. 1934இல் தாகூர் தம் குழுவினருடன் இலங்கைக்கு வந்து நாட்டிய நாடகம் நிகழ்த்தினார். ஹொரணையில் ஸ்ரீபாலி என்னும் கலைக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். நம் நாட்டுப் பண்ணை இயற்றிய ஆனந்த சமரக்கோனும் சாந்திநிகேதனத்தில் பயின்றவரே. எனினும் அங்கிருந்து நாம் கொண்டுவர வேண்டியது இன்னும் ஒன்றுண்டு. ஒரு மாணாக்கனிடம் இல்லாததை அளந்து கதவடைத்தல் எளிது. உள்ள ஆர்வத்தை நம்பிக் கதவைத் திறந்துவைத்தல் ஆசிரியனுக்கு அரிது. அன்று தாகூர் தலையசைத்திருந்தால், அல்லது நந்தலால் என்னைப் போல விரைந்திருந்தால், இந்திபவனத்துச் சுவர்கள் இன்றும் வெறுஞ் சுவர்களாகவே நின்றிருக்கும்.

கண்ணாடி அணிந்த அந்தச் சிறுவன் இப்போது துறைமுகத்தை அண்டிய பண்டசாலை ஒன்றில் கணக்கு எழுதுகின்றான். அண்மையில் உட்துறைமுக வீதியில் கண்டபோது, கைகூப்பி வணங்கி, வீட்டாரின் நலம் விசாரித்தான். இன்னும் வரைவதுண்டா என்று கேட்க என் நா எழவில்லை. வினோத் பிகாரியின் ஓவியங்கள் அடங்கிய நூலொன்றை வாங்கி வைத்திருக்கின்றேன். மறுமுறை காணும்போது அதனை அவன் கையில் கொடுத்து, அந்தக் கேள்வியையும் கேட்பதென்று முடிவு செய்துள்ளேன்.