வயலினை நம் இசைக்குப் பழக்கிய பாலுசாமி தீட்சிதர்

இன்று கர்நாடக இசைக் கச்சேரி என்றாலே பாடகருக்குப் பக்கத்தில் ஒரு வயலின் இருக்கும். 1800-க்கு முன் அப்படி இல்லை. வயலின் அப்போது வெள்ளைக்காரர்களின் வாத்தியம். அதை முறையாகக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்த முன்னோடி பாலுசாமி தீட்சிதர் (1786–1859). மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதரின் தம்பி.

இந்தக் குடும்பத்துக்கும் நம் பக்கத்துக்கும் உறவு உண்டு. வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில், பாலாற்றங்கரையில் இருக்கும் விரிஞ்சிபுரம்தான் தீட்சிதர்களின் பூர்வீகம். பிறகு சோழ நாட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். தந்தை ராமசாமி தீட்சிதர் ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கியவர். பிள்ளைகள் பிறந்தது திருவாரூரில்.

சென்னைக்கு அருகே மணலியில் இருந்த வேங்கடகிருஷ்ண முதலியார் இவர்களை ஆதரித்தார். கும்பெனியாரிடம் துபாஷியாக இருந்த குடும்பம் அது. அதனால் கோட்டையில் வாசிக்கும் ஐரோப்பிய பேண்டு இசையைக் கேட்கும் வாய்ப்பு சகோதரர்களுக்குக் கிடைத்தது. அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். தம்பியின் மனம் வயலினில் நின்றது. முதலியார் குடும்பம் ஓர் ஐரோப்பிய ஆசிரியரை ஏற்பாடு செய்தது. பாலுசாமி மூன்று ஆண்டுகள் அவரிடம் பாடம் கேட்டார்.

வீணை அறிந்த கலைஞருக்கே மூன்று ஆண்டுகள்! அதற்குப் பிறகும் வேலை இருந்தது. ஐரோப்பியர் நின்றபடி, மோவாய்க்கடியில் வைத்து வாசிப்பார்கள். நம் கமகத்துக்கு இடது கை கம்பி மேல் வழுக்கி ஓட வேண்டும். வாத்தியத்தைத் தாங்கும் வேலை அந்தக் கைக்கு இருந்தால் அது ஓடாது. வயலின் நம் இசைக்குள் வந்தபோது நிலைத்த முறை, சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி, மறுமுனையை மார்பில் அணைத்துக்கொள்வது. சுருதியும் மாறியது. அவர்கள் நான்கு கம்பிகளையும் ஒரே இடைவெளியில் சேர்ப்பார்கள். நாம் ச–ப–ச–ப என்று சேர்க்கிறோம். கீழ் ஸ்தாயியில் விரல் விழும் இடமே மேல் ஸ்தாயியிலும் வரும். புதிதாகக் கற்பவருக்கு இது பெரிய உதவி.

வாத்தியம் ஆளுக்குப் பொருந்தினால்தான் வாசிப்பு வரும் என்பதே இதில் நமக்குப் பாடம். இன்று பல பிள்ளைகள் ஆறு மாதத்தில் வயலினை மூட்டை கட்டிவைத்துவிடுகிறார்கள். ஞானம் இல்லை என்று வீட்டிலும் முடிவு கட்டிவிடுகிறோம். அதற்கு முன் வாத்தியத்தைப் பார்க்க வேண்டாமா?

கம்பிகளைத் தாங்கும் குதிரை உயரமாக இருந்தால் பிஞ்சு விரலால் அழுத்த முடியாது. விரல் வலிக்கும், ஸ்வரமும் ஏறி ஒலிக்கும். குதிரை சாய்ந்திருந்தால் நிமிர்த்தச் சொல்லுங்கள். பிரடை வழுக்கினால் சுருதி நிற்காது; தவறான சுருதியில் பழகும் காதும் கெடும். உள்ளே மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவே ஒரு சின்ன மரக்குச்சி நிற்கிறது. அது விழுந்துவிட்டால் நாதம் சோர்ந்துவிடும். கம்பிகளைத் தளர்த்திவிட்டு, பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். புது வில்லுக்கு ரோசின் நன்றாகத் தேய்க்காவிட்டால் சத்தமே வராது. வாசித்து முடித்ததும் வில்லின் முடியைத் தளர்த்திவிட வேண்டும். அளவும் முக்கியம்: அரை, முக்கால், முழு என்று கை நீளத்துக்கு ஏற்ப வயலின் உண்டு. வளரும் பிள்ளை என்று இரண்டு சைஸ் பெரிய ஷூ வாங்கினால் நடை என்னாகும் என்பது ஷூ தைக்கும் நம் ஊருக்குத் தெரியாததா? வில்லைப் பிடிக்கும் இடத்தில் சுற்றியிருப்பதும் தோல்தான். அது பிரிந்து போனால் பிடி நழுவும்.

1817-ல் தந்தை காலமான பின், பாலுசாமி தென்னாடு போய் எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். தம்பி இருந்த அந்த ஊரிலேயே 1835-ல் முத்துசாமி தீட்சிதர் மறைந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரும் தீட்சிதரின் சீடருமான வடிவேலு, திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் அவையில் வயலினுக்குப் பெருமை சேர்த்தார். மகாராஜா அவருக்கு 1834-ல் தந்த வயலின் பரிசு.

பாலுசாமி தம் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராமனைத் தத்தெடுத்து வளர்த்தார். அந்தச் சுப்பராம தீட்சிதர்தான் 1904-ல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை வெளியிட்டு, தீட்சிதர் கிருதிகளை ஸ்வரக் குறிப்புடன் காத்துத் தந்தவர்.

மாலையில் பக்கத்து வீட்டிலிருந்து கரகரவென்று வயலின் கேட்டால், கொஞ்சம் பொறுத்துக்கொள்வோம். பெற்றோர் அந்தக் குதிரையையும் பிரடையையும் ஒருமுறை பார்த்துவிடட்டும்.